ஒரு நாள்கூட வகுப்பறையில் உட்காராமல் இரண்டாம் வகுப்புக்கு வந்த மகள்: வீட்டில் எங்கிருந்து தொடங்குவது?

ஆத்தூர் அம்மா (ஜூலை 2021)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவன் நாலாம் வகுப்பு, சின்னவள் இந்த வருடம் இரண்டாம் வகுப்பு. போன வருடம் ஆகஸ்ட் 17-ல் இருந்து அட்மிஷன் போடலாம் என்று சொன்னபோது எங்கள் ஊர் ஒன்றியப் பள்ளியில் சின்னவளுக்குப் பேர் கொடுத்துப் புத்தகம் வாங்கி வந்தோம், அன்றிலிருந்து இன்றுவரை கொரோனாவால் சின்ன வகுப்புகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கவே இல்லை, டீச்சர் முகத்தைக்கூட மாஸ்க்கோடுதான் பார்த்திருக்கிறாள். இப்போது இரண்டாம் வகுப்புப் புத்தகமும் வந்துவிட்டது. அதில் பத்தி பத்தியாகக் கதை இருக்கிறது. இவளுக்கு 'மரம்' என்று எழுதிக் காட்டினால் படிக்கத் தெரியவில்லை.

நான் சேகோ (ஜவ்வரிசி) பேக்டரியில் வேலை பார்க்கிறேன், காலையில் போனால் வீடு திரும்ப ஆறு மணி ஆகும். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். வீட்டில் ஒரே ஒரு டச் போன், அது அவரோடு போய்விடும், ராத்திரி எட்டு மணிக்குத்தான் வரும். டீச்சர் வாட்ஸ்அப்பில் அனுப்புவதை அதற்கப்புறம்தான் பார்க்க முடியும், அதற்குள் சின்னவள் தூங்கிவிடுகிறாள். பகலில் மாமியார் பார்த்துக்கொள்கிறார்கள், அவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பத்தாவது வரை படித்திருக்கிறேன்.

கல்வித் தொலைக்காட்சி போட்டுவிடுகிறோம். அதில் நன்றாகத்தான் சொல்லித் தருகிறார்கள், ஆனால் கேள்வி கேட்டுவிட்டு இவள் வாயைத் திறப்பதற்குள் அவர்களே பதிலையும் சொல்லி அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். அ, ஆ, இ, ஈ எல்லாம் பாட்டாக ஒப்பிக்கிறாள். நடுவில் ஓர் எழுத்தைத் தொட்டு இது என்ன என்று கேட்டால், முதலில் இருந்து பாடிக்கொண்டே வந்துதான் கண்டுபிடிக்கிறாள்.

பெரியவன் நிலைமை வேறு. பள்ளி மூடும்போது இரண்டாம் வகுப்பு, அப்போது கடைப் பலகையெல்லாம் படித்துக்கொண்டே வருவான். இப்போது நீளமான சொல் வந்தால் நின்றுவிடுகிறான். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு சுத்தமாக மறந்துவிட்டது. கேட்டால் கோபம் வருகிறது அவனுக்கு.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். எந்தப் புத்தகத்தில் இருந்து தொடங்க வேண்டும்? சாயங்காலம் ஒரு மணி நேரம் என்னால் உட்கார முடியும், அது போதுமா? பக்கத்துத் தெருவில் டியூஷன் எடுக்கிறார்கள், ஒரே அறையில் இருபது பிள்ளைகள், மாதம் 300 ரூபாய். இந்த நேரத்தில் அங்கே அனுப்ப பயமாக இருக்கிறது. பள்ளி திறந்ததும் சின்னவளை மறுபடி ஒன்றாம் வகுப்பிலேயே உட்கார வைக்கச் சொல்லிக் கேட்கலாமா?

---

ஒன்றியப் பள்ளி டீச்சர்

வணக்கம்மா. நான் தருமபுரி மாவட்டத்தில் ஓர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. எங்கள் பள்ளியில் நானும் தலைமை ஆசிரியரும்தான், ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் பார்க்கிறோம். உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள், முடிந்த நாட்களில் அவர்கள் தெருவுக்கே போய்த் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறேன். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

ஒரு மணி நேரம் போதுமா என்று கேட்டீர்கள். தாராளமாகப் போதும், இரண்டு பிள்ளைக்கும் ஆளுக்கு அரை மணி. கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கு வருடத்துக்கு 200 நாள், 800 மணி நேரம் என்கிறது, அதாவது ஒரு நாளைக்கு நாலு மணி நேரம். முப்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்பது அதே சட்டத்தின் கணக்கு. 240 நிமிடத்தை முப்பது பேருக்குப் பங்கு போட்டால் ஒரு பிள்ளைக்கு எட்டு நிமிடம். அதுவும் எங்களைப் போல ஒருவரே இரண்டு மூன்று வகுப்பைச் சேர்த்துப் பார்க்கும் இடத்தில் எட்டு நிமிடமும் கிடைக்காது. கூடப் படிக்கும் பிள்ளைகளைப் பார்த்துக் கற்றுக்கொள்வது நிறைய இருக்கிறது, அதை வீட்டில் கொடுக்க முடியாதுதான். ஆனால் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து அந்த ஒரு பிள்ளையின் விரல் எந்த எழுத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும் அரை மணி நேரத்தைப் பள்ளியில்கூட நாங்கள் எல்லோருக்கும் தினமும் கொடுக்க முடிவதில்லை. அதனால் இதைச் சின்னதாக நினைக்காதீர்கள்.

சின்னவளுக்கு இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை இப்போது தொட வேண்டாம். அ, ஆ வரிசையையும் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள், அது அவளுக்குப் பாட்டாகப் பதிந்துவிட்டது, எழுத்தாகப் பதியவில்லை. சிலேட்டு எடுங்கள். ட, ப, ம, இந்த மூன்று எழுத்து மட்டும். இவை கோடும் வளைவுமாகச் சுலபமாக எழுத வருகிறவை. கூடவே புள்ளி வைத்தால் ட், ம். இவ்வளவுதான், ஆனால் அதற்குள்ளேயே படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வந்துவிடும். இரண்டு நாளில் ஒரு பிள்ளை தானாக ஒரு சொல்லைப் படித்துவிட்டால் அதற்கு வரும் தைரியமே வேறு. அப்புறம் ர, க, ல, த சேருங்கள்: மரம், கரம், கல், பல், கடல், பகல். ஆனால் தட்டு என்று போய்விடாதீர்கள், 'டு' இப்போது வேண்டாம்.

இந்த எழுத்துகள் கண்ணை மூடிக்கொண்டு வரும் அளவுக்கு ஆன பிறகு துணைக்கால். ஒரே ஒரு கோடு, எல்லா எழுத்துக்கும் ஒரே மாதிரி: கா, பா, மா, டா. மாமா, பாப்பா, பால், கால், பாடம், தபால். அதற்கு அடுத்து மேலே வளைவு வரும் கி, பி, மி வரிசை, அடுத்து சுழியோடு கீ, பீ, மீ. கொம்பு வைக்கிற கெ, கே, கை அதற்குப் பின்னால். உ, ஊ வரிசையைக் கடைசியில் வையுங்கள், ஏனென்றால் கு ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி, பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது அங்கேதான். 247 எழுத்து என்று நினைத்தால் உங்களுக்கே மலைப்பாக இருக்கும். உண்மையில் அவள் கற்க வேண்டியது கொஞ்சம் எழுத்தும் கொஞ்சம் குறியும்தான், மற்றதெல்லாம் அந்த இரண்டும் சேர்வது.

அவள் படிக்கிறாளா மனப்பாடம் சொல்கிறாளா என்று பார்க்க ஒரு வழி: நேற்று படித்த சொல்லில் ஓர் எழுத்தை மாற்றி எழுதுங்கள். பட்டம் தெரியும், மட்டம் எழுதுங்கள். கடல் தெரியும், மடல் எழுதுங்கள். திணறினால் திட்டாமல் விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக் காட்டுங்கள். புத்தகத்தில் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சொல்லை நம்ப முடியாது, படத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

பெரியவனுக்கு வருகிறேன். அவன் கோபப்படுவது தெரிந்தது மறந்துபோன வெட்கத்தால். அவன் ஒருவன் மட்டும் இல்லை. பிப்ரவரியில் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் ஓர் ஆய்வு வெளியிட்டது, ஐந்து மாநிலங்களில் (தமிழ்நாடு அதில் இல்லை) அரசுப் பள்ளிகளில் 2 முதல் 6 வரை படிக்கும் 16,067 பிள்ளைகளைப் பார்த்ததில், முந்தைய வருடம் தெரிந்திருந்த மொழித் திறனில் ஒன்றையாவது இழந்தவர்கள் 92 சதவீதம், கணக்கில் 82 சதவீதம். பள்ளி மூடியிருந்தால் புதிய பாடம் மட்டும்தான் விட்டுப்போகும் என்று நினைக்கிறோம், தெரிந்ததும் போகிறது. அதை அவனிடம் சொல்லுங்கள், 'உனக்கு மட்டும் இல்லை கண்ணு' என்று.

கழித்தலுக்கு விளக்குமாற்றில் இருந்து ஈர்க்குச்சி உருவி ஒரே அளவில் ஒடித்துக்கொள்ளுங்கள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். 52-ல் 27 போக வேண்டும் என்றால் ஐந்து கட்டும் இரண்டு குச்சியும் வைக்கச் சொல்லுங்கள். இரண்டில் இருந்து ஏழு எடுக்க முடியாது, ஒரு கட்டை அவிழ்க்க வேண்டும், இப்போது பன்னிரண்டு குச்சி, ஏழு போனால் ஐந்து. மீதி நாலு கட்டு, இரண்டு போனால் இரண்டு. 25. கடன் வாங்குவது என்று வாயால் சொல்லிச் சொல்லிப் புரியாத பிள்ளைக்குக் கட்டைத் தன் கையால் அவிழ்த்ததும் புரிந்துவிடும். கையில் வந்த பிறகுதான் நோட்டில் எழுத வேண்டும்.

ஒன்றாம் வகுப்பில் நிறுத்தக் கேட்க வேண்டாம். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்துவதில்லை, வயதுக்கு ஏற்ற வகுப்பில் இருப்பதுதான் நல்லது. அவள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அவளைப் போலத்தான் இருப்பார்கள், திறந்ததும் முதலில் இருந்துதான் எந்த டீச்சரும் தொடங்குவார்.

---

வேளச்சேரி அப்பா

டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். உங்களிடம் பகலில் போன் இல்லாததை நினைத்து ரொம்பக் கவலைப்படாதீர்கள் சகோதரி. போனும் லேப்டாப்பும் இருக்கும் வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். என் மகன் தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்பு, காலை எட்டரை முதல் பன்னிரண்டரை வரை ஆன்லைன் வகுப்பு, நாற்பது முகம் சின்னச் சின்னக் கட்டத்தில். டீச்சர் பேர் சொல்லிக் கூப்பிட இவன் மைக்கை ஆன் செய்வதற்குள் அடுத்த பிள்ளைக்குப் போய்விடுகிறார்கள். நோட்டில் எழுதியதைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும், அந்த வேலை முழுக்க என் மனைவிக்கு. மதியம் கண் எரிகிறது என்று படுத்துக்கொள்கிறான்.

போன வருடம் ஜூலையில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் ஆன்லைன் வகுப்புகளுக்கு 'பிரக்யாதா' என்று ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதில் ஒன்று முதல் எட்டு வகுப்பு வரை ஒரு நாளைக்கு இரண்டு வகுப்புக்கு மேல் கூடாது, ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம் என்று இருக்கிறது. மழலையர் வகுப்புக்கு அரை மணிக்கு மேல் வேண்டாம் என்கிறது. ஆறு வயது, ஏழு வயதுப் பிள்ளையை நாலு மணி நேரம் திரைக்கு முன்னால் கட்டிப்போடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நாங்கள் அதைக் காட்டிப் பள்ளியில் பேசினோம், சில பெற்றோர்கள் சேர்ந்து கேட்டதும் ஒரு மணி நேரமாகக் குறைத்தார்கள். அதற்கப்புறம் மீதி நேரத்தில் அவனை அருகில் உட்காரவைத்து ஒரு கதை படிக்கிறோம். அதில்தான் அவன் வளர்ந்திருக்கிறான், என் கண்ணுக்குத் தெரிகிறது.

ராத்திரி போன் வந்ததும் ஒன்று செய்யலாம். ஸ்டோரிவீவர் என்று பிரதம் புக்ஸ் நடத்தும் தளம் இருக்கிறது, காசு கிடையாது, தமிழில் நிறையப் படக் கதைகள், படிக்கும் திறனுக்கு ஏற்ப நிலை பிரித்திருப்பார்கள். முதல் நிலைக் கதை என்றால் ஒரு பக்கத்துக்கு ஒரு வரி, இரண்டு வரிதான். வைஃபை கிடைக்கும் இடத்தில் டவுன்லோடு செய்து போனில் வைத்துக்கொண்டால் அப்புறம் நெட் தேவையில்லை. கல்வித் தொலைக்காட்சிப் பாடங்களும் யூடியூபில் இருக்கின்றன, அதில் கேள்வி வந்ததும் நிறுத்தி வைத்துப் பிள்ளை பதில் சொன்ன பிறகு மறுபடி ஓட்டலாம். டிவியில் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம். பகல் முழுக்க டிவியைப் போட்டுவிட்டுப் படிக்கிறார்கள் என்று நிம்மதியாக இருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

---

ஆத்தூர் அம்மா

டீச்சருக்கும் சாருக்கும் ரொம்ப நன்றி. ட, ப, ம இன்றைக்கே ஆரம்பித்தேன், பட்டம் படித்துவிட்டாள், அவள் அப்பாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று தூங்காமல் முழித்திருந்தாள்.

பகல் நேரத்துக்கு என்ன செய்வது என்றுதான் இன்னும் புரியவில்லை. காலையில் நான் போனதில் இருந்து சாயங்காலம் வரை மாமியாரோடுதான் இருக்கிறார்கள். அவர்களுக்குப் படிப்பு இல்லை, 'எனக்கு என்ன தெரியும், நான் எப்படிச் சொல்லித் தருவது' என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். பெரியவன் சைக்கிள் எடுத்துக்கொண்டு வெயிலில் சுற்றுகிறான்.

---

சிவகங்கைக்காரி

உங்கள் மாமியாருக்குத் தெரிந்தது நிறைய இருக்கும், அவர்களை ஒதுங்க விடாதீர்கள். எழுதத் தெரியாத ஆயாக்கள்தான், பாட்டிகள்தான் என் பிள்ளைகளுக்கும் என் தங்கை பிள்ளைகளுக்கும் இந்த வருடம் பேச்சு வளர்த்தார்கள். ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒரு கதையைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால், அதற்கு முன்னால் காதால் நிறையக் கேட்டிருக்க வேண்டும், சொல் தெரிந்திருக்க வேண்டும். ஏர், களம், குதிர், உரல், மரவள்ளிக் கிழங்கு நடுவது, மழை எந்தப் பக்கம் இருட்டினால் வரும், இதெல்லாம் ஆயாவிடம் இருக்கிறது. மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள், மறுநாள் அதே கதையைப் பேத்தி ஆயாவுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்வதுதான் முக்கியம். முதலில் எது நடந்தது, அப்புறம் என்ன, கடைசியில் என்ன ஆனது என்று வரிசையாகச் சொல்ல வருகிற பிள்ளைக்குப் பின்னால் நாலு வரி எழுதுவது கஷ்டமே இல்லை.

விடுகதையும் அப்படித்தான். 'அம்மா படுத்திருப்பாள், மகள் ஓடித் திரிவாள், அது என்ன?' என்று கேட்டால் அம்மியும் குழவியும் என்று கண்டுபிடிப்பதற்குள் அந்தப் பிள்ளை வீட்டில் உள்ள சாமானெல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்துவிடும். ஆயாவுக்கு இருபது விடுகதையாவது தெரிந்திருக்கும். பெரியவன் அதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதட்டும், ஆயா சொல்லச் சொல்ல இவன் எழுத வேண்டும். சொல்வதை எழுதுதல் என்று பள்ளியில் டிக்டேஷன் போடுவார்களே, அதேதான், ஆனால் இதில் அவனுக்குப் பெருமை இருக்கிறது, ஆயாவுக்கு எழுதத் தெரியாததை இவன் எழுதித் தருகிறான். ராத்திரி நீங்கள் அந்த நோட்டைப் பாருங்கள். எழுத்துப் பிழையைச் சிவப்பு மையில் அடிக்காதீர்கள், ல, ள, ழ தப்பாக இருந்தால் அந்தச் சொல்லை மட்டும் பக்கத்தில் சரியாக எழுதி வையுங்கள்.

கணக்குக்குப் பல்லாங்குழி. பதினாலு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை போட்டால் மொத்தம் எத்தனை என்று முதலில் கேட்டுவிட்டு ஆட ஆரம்பித்தால் போதும். எண்ணி எண்ணிப் போட்டு, கடைசியில் யார் எவ்வளவு ஜெயித்தது, எவ்வளவு கூடுதல் என்று அவர்களே கணக்குப் போடுவார்கள். தாயமும் ஆடலாம். ஆயாவுக்கு எண்ணத் தெரியும், அதைவிட ஏமாற்றினால் பிடிக்கத் தெரியும், அது போதும்.

சுவரில் தினசரி காலண்டர் இருந்தால் காலையில் அன்றைய தாளைக் கிழிக்கும் வேலை சின்னவளுக்கு. தேதி பெரிய எழுத்தில் இருக்கும், கிழமை, மாதம் படிக்க வேண்டும். கிழித்த தாளின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் அன்றைய எழுத்தை எழுத அதுவே தாள்.

---

திருத்துறைப்பூண்டி தம்பி

அக்கா, நான் பி.எஸ்சி. கடைசி வருடம் படிக்கிறேன், எனக்கும் கல்லூரி ஆன்லைனில்தான் நடக்கிறது. எங்கள் தெருவில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள், சாயங்காலம் மாரியம்மன் கோவில் மண்டபத்தில் உட்கார வைத்துச் சொல்லித் தருகிறோம், என் கூட இரண்டு பேர். திறந்த இடம், ஒரு நேரத்துக்கு ஐந்து பிள்ளைக்கு மேல் இல்லை, மாஸ்க், கைகழுவத் தண்ணீர். நீங்கள் சொன்ன டியூஷன் மாதிரி மூடிய அறையில் இருபது பேர் என்றால் அனுப்ப வேண்டாம். அதற்குப் பதில் உங்கள் தெருவிலேயே பிளஸ் டூ முடித்த, கல்லூரி படிக்கிற பெண்ணோ பையனோ இருப்பார்கள். நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து போய்க் கேளுங்கள். எங்களை யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் நிறையப் பேர் சும்மா உட்கார்ந்திருக்கிறோம்.

நாங்கள் செய்ததில் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது ரேஷன் பை. போன மாதம் கொரோனா நிவாரணமாக 14 பொருள் கொடுத்தார்களே, அதைப் பிரித்துச் செலவு செய்வதற்கு முன்னால் பாக்கெட்டுகளைக் கொண்டு வரச் சொன்னோம். ரவை, சர்க்கரை, உளுத்தம் பருப்பு, புளி, கடுகு, சீரகம் என்று பேரைப் படிக்க வேண்டும், எடையைப் படிக்க வேண்டும். ரவை 1 கிலோ, சர்க்கரை 500 கிராம், புளி 250 கிராம், கடுகு 100 கிராம். எத்தனை சர்க்கரைப் பாக்கெட் சேர்ந்தால் ஒரு ரவைப் பாக்கெட், எத்தனை புளி சேர்ந்தால் ஒரு கிலோ என்று நாலாம் வகுப்புப் பையன்கள் கையில் தூக்கிப் பார்த்தே சொன்னார்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பேர் படிப்பதே பெரிய வேலை. பால் கணக்கும் போட்டோம்: மே மாதம் ஆவின் லிட்டருக்கு மூன்று ரூபாய் குறைந்தது, தினமும் ஒரு லிட்டர் வாங்கும் வீட்டில் ஒரு மாதத்துக்கு எவ்வளவு மிச்சம்? வாய்ப்பாடு மறந்த பிள்ளைகளுக்கு முட்டை அட்டை கொண்டு வந்தோம், ஆறு வரிசை, வரிசைக்கு ஐந்து. ஐந்தாம் வாய்ப்பாடு அதிலேயே இருக்கிறது. உங்கள் பக்கம் முட்டை அட்டைக்குப் பஞ்சமே இருக்காது.

அக்கா, இன்னொன்றையும் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பள்ளியில் சத்துணவுக்குப் பதிலாக அரிசி, பருப்பு, முட்டை கொடுத்தால் வாங்கப் போகும்போது பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். டீச்சரைப் பார்க்கட்டும், நோட்டைக் காட்டட்டும். எங்கள் ஊரில் ஐந்தாம் வகுப்பு முடித்த ஒரு பையனை ஆடு மேய்க்க அனுப்பிவிட்டார்கள், ஆறாம் வகுப்பில் சேர்க்கவே இல்லை, பள்ளி திறந்த பிறகு பார்க்கலாம் என்றார்கள். நாங்களும் ஊர்ப் பள்ளித் தலைமை ஆசிரியரும் போய்ப் பேசி இப்போதுதான் சேர்த்திருக்கிறது. பாடம் கொஞ்சம் பின்தங்கினால் பிடித்துவிடலாம், பள்ளிக்கூடம் என்று ஒன்று இருப்பதே பிள்ளைக்கும் வீட்டுக்கும் மறந்துபோனால் அதுதான் பயம். உங்கள் பையன் சைக்கிளில் சுற்றுவதாகச் சொன்னதால் எழுதுகிறேன், அவன் கையில் ஒரு பொறுப்பைக் கொடுங்கள். தங்கைக்குப் பகலில் பத்து நிமிடம் எழுத்துச் சொல்லித் தரும் வேலை அவனுடையது என்று வையுங்கள்.

---

கோவை நூலகம்

டீச்சர் மேல் மரியாதை உண்டு, ஆனாலும் ஒரு சந்தேகம். நாங்களெல்லாம் அ, ஆவில் தொடங்கித்தானே படித்தோம்? பள்ளி திறந்ததும் அங்கே வேறு வரிசையில் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை குழம்பிவிடாதா? அப்புறம் இங்கிலீஷ் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே, அதுவும் இரண்டாம் வகுப்புக்கு இருக்கிறதே.

---

ஒன்றியப் பள்ளி டீச்சர்

நியாயமான கேள்வி. அ, ஆவில் தொடங்குவது தப்பு என்று நான் சொல்லவில்லை. பள்ளியில் ஒரு வருடம் முழுக்க நேரம் இருந்தால் எந்த வரிசையிலும் போகலாம். ஆனால் பன்னிரண்டு உயிர் எழுத்தையும் முடித்தாலும் அவற்றை மட்டும் வைத்து ஒரு வரி படிக்க முடியாது, அம்மா என்று படிக்கக்கூட ம வேண்டும். அரை மணி நேரம்தான் இருக்கிறது, அதுவும் வேலைக்குப் போய் வந்த அம்மா, ஏற்கெனவே ஒரு வருடம் போய்விட்டது என்கிற வீட்டில், பிள்ளை சீக்கிரம் ஒரு சொல்லைத் தானாகப் படித்தாக வேண்டும். அதற்காகத்தான் இந்த வழி. செயல்வழிக் கற்றல் அட்டைகள் வந்த காலத்தில் இருந்தே தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு எழுத்து வரிசையை மாற்றிச் சொல்லிக் கொடுப்பது பழக்கம்தான், பிள்ளைகள் குழம்புவதில்லை. படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அகர வரிசையை அப்புறம் ஒரு வாரத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

இங்கிலீஷுக்கு இப்போது பேச்சு மட்டும் போதும், எழுத்து வேண்டாம். வீட்டில் உள்ள பொருளின் பேர், நிறம், எண், 'கம்', 'கோ', 'கிவ் மீ' என்று சின்னச் சின்னதாக. ஒரு மொழியில் எழுத்தும் ஒலியும் எப்படிச் சேர்கின்றன என்று பிடித்துவிட்டால் அடுத்த மொழிக்குப் பாதி வேலை முடிந்துவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் தள்ளினால்தான் பிள்ளை திணறும். பெரியவனுக்கு மட்டும் நாலு கோடு நோட்டில் ஒரு நாளைக்கு மூன்று வரி எழுதச் சொல்லுங்கள், கையெழுத்து விட்டுப்போகாமல் இருக்கும்.

திருத்துறைப்பூண்டி தம்பி சொன்னதை நானும் சொல்கிறேன், அண்ணன் தங்கைக்குச் சொல்லித் தரட்டும். அவனுக்கே ஒன்றாம் வகுப்புக் கதைகள்தான் இப்போது படிக்கச் சரியான அளவு, ஆனால் 'நீ ஒன்றாம் வகுப்புப் புத்தகம் படி' என்றால் எந்த நாலாம் வகுப்புப் பையனும் ஒத்துக்கொள்ள மாட்டான். தங்கைக்குப் படித்துக் காட்டு என்றால் சத்தமாகப் படிப்பான், அவனுடைய வேகம் அதில் திரும்பி வரும்.

---

ஆத்தூர் அம்மா

டீச்சர், ஒன்றாம் வகுப்புப் புத்தகம் போன வருடம் வாங்கியதில் முதல் பருவம் மட்டும்தான் இருக்கிறது, மற்றது மழையில் நனைந்து போய்விட்டது. கடையில் கிடைக்குமா?

---

ஒன்றியப் பள்ளி டீச்சர்

கடைக்குப் போக வேண்டாம். உங்கள் தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள், பழைய புத்தகம் பள்ளியில் கட்டாயம் நாலைந்து இருக்கும். இல்லையென்றால் போன வருடம் ஒன்றாம் வகுப்பு முடித்த பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் வாங்கிக்கொள்ளுங்கள், முக்கால்வாசி வீட்டில் பிரிக்காமலே இருக்கிறது. பாடநூல் கழகத்தின் தளத்தில் பிடிஎஃப் ஆகவும் இருக்கிறது, வீட்டுக்காரர் போனில் இறக்கிக்கொள்ளலாம், பிரின்ட் எடுப்பதாக இருந்தால் தமிழும் கணக்கும் மட்டும், அதிலும் தேவைப்படும் பக்கம் மட்டும் எடுங்கள், மொத்தமாக எடுத்தால் காசு அதிகமாகிவிடும். முதல் பருவம் இருக்கிறது என்றால் இன்னும் ஒரு மாதத்துக்கு அதுவே போதும். கால் வைத்த எழுத்து வரைக்கும் வந்ததும் இங்கே எழுதுங்கள், அடுத்ததைப் பார்க்கலாம்.